பழைய லைட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: செட்டிநாட்டுப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கல்லல், திருப்பத்தூர் வட்டாரத்தில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்தும் மேஸ்திரிமார்களுக்கும், மெக்கானிக் அண்ணன் தம்பிகளுக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கும், பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்கள் தொழிலில் இருப்பவன்தான். காரைக்குடியில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பல பேருக்கு என் கடையில் பற்று வரவு உண்டு. இதை நேரிலேயே சொல்லலாம், சிலரிடம் சொல்லியும் பார்த்தேன். கடையில் ஆள் நிற்கும், போன் அடிக்கும், பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடிபட்டு வரும் காரிலிருந்து கழற்றுகிற உடைந்த ஹெட்லைட், மிரர், பம்பர், கிரில், பல்பு எதையும் அன்றைக்கே காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டி நம்பரையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதில் கட்டி, பட்டறையில் ஒரு மூலையில் ஆறு மாதம் வையுங்கள். ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

மானகிரிப் பக்கம் விடியற்காலையில் சைக்கிளில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரை ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. 108 வருவதற்குள் உயிர் போய்விட்டது. பார்த்தவர் யாரும் இல்லை. பக்கத்தில் கேமராவும் இல்லை. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய பேரன் என் கடைக்கு வந்தான். கல்லூரியில் படிக்கிற பையன். ஒரு மஞ்சள் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொருளொன்றை எடுத்து, "அண்ணே, இது எந்த வண்டிதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டான். போலீசார் ரோட்டில் கிடந்ததை எடுத்துப் போயிருக்கிறார்கள். இது பக்கத்துப் பள்ளத்தில் எருக்கஞ்செடிக்கு அடியில் கிடந்ததாம்.

உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஹெட்லைட்டின் கீழ் மூலை. பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் இன்றைய கார் ஹெட்லைட் முகப்பெல்லாம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்பது நமக்குத் தெரியும். அதன் ஓரத்தில், லென்சையும் பின்கூட்டையும் ஒட்டுகிற கறுப்புப் பசை அப்படியே இருந்தது. பசையோடு பின்கூட்டின் ஒரு சில்லும் பிய்ந்து வந்திருந்தது. கவுண்டரில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். துடைக்கவில்லை, மண்ணைக்கூடத் தட்டவில்லை. லென்சில் தயாரிப்பாளர் பெயரின் பின்பாதி எழும்பித் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் அங்கீகாரக் குறி, அதற்குக் கீழே நம் நாட்டுப் போக்குவரத்துக்குரிய அம்புக்குறி. கூட்டின் சில்லில் இரண்டு எழுத்து இருந்தது. இடது பக்கத்து லைட் என்று அர்த்தம். அந்த எழுத்துக்கு மேலே கடிகாரம் போல ஒரு சின்ன வட்டம், நடுவில் அம்பு. அச்சில் வார்த்த மாதத்தையும் வருடத்தையும் காட்டுகிற வட்டம் அது. தினமும் நம் கை வழியாகப் போகிற பொருள்தான், இந்த வட்டத்தை நாம் ஒருநாளும் நின்று பார்ப்பதில்லை.

கடையில் இருந்த புது லைட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த மூலையோடு வைத்துப் பார்த்தேன். வளைவு, விளிம்பின் தடிமன், உள்ளே ஓடும் வரி எல்லாம் ஒரு மாடலோடு மட்டும் ஒத்துப்போயின. அதிலும் முன்முகத்தை மாற்றிய பிறகு வந்த வண்டி. கடிகார வட்டம் காட்டிய மாதத்துக்கு அப்புறம்தான் அந்த வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு அப்புறம்தான் அந்த லைட் மாற்றப்பட்டிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் இவ்வளவும் தெரிந்துவிட்டது. பையனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்த் துண்டை ஒப்படைத்தோம். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களும் தேடினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாடல், அந்த வருடக் கணக்கு, இடது பக்கம் புது லைட் என்று தேடியதில் ஒரு வண்டி அகப்பட்டது. இடது ஹெட்லைட் புதுசு, இடது மிரர் புதுசு, பானெட்டுக்குப் புதுப் பெயிண்ட். வண்டிக்காரர் மாடு குறுக்கே வந்துவிட்டது என்றார். வேலை பார்த்த பட்டறையில் கேட்டபோது, "பழைய லைட்டா? அது அன்னைக்கே எடைக்குப் போயிருச்சே" என்று பதில் வந்தது. பில் இல்லை, படம் இல்லை, பாகமும் இல்லை. கடைசியில் மோதிய வாகனம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கு முடிந்தது.

அந்தப் பட்டறைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம். எடைக்குப் போடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் மாற்றக் கேட்கிறேன்.

இதில் பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் தொழிலில் பலருக்கு அது தெரியாது. மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவின்படி அரசுத் திட்டத்திலிருந்து ஒரு நிலையான தொகைதான் கிடைக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்னால் இதுகூடக் கிடையாது, 25,000-மும் 12,500-மும்தான். வண்டி எது என்று தெரிந்துவிட்டால் கதையே வேறு. 166-ஆவது பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துத் தொகையை முடிவு செய்வார்கள், அதற்கு உச்சவரம்பு கிடையாது. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் அந்தப் பணத்தைப் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனம்தான் கட்டும். சம்பாதிக்கிற வயதில் இருந்த ஆள் போய்விட்ட வீட்டில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பிள்ளை படிப்பைத் தொடர்வதற்கும் பாதியில் நின்று வேலைக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தை முடிவு செய்யும் பொருள் நம் பட்டறை மூலையில் கிடந்த ஓர் உடைந்த லைட்டாக இருக்கலாம்.

இப்படி எத்தனை பேர் போகிறார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்கு வெளியிடுகிறது. 2022-இல் மட்டும் நாடு முழுவதும் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர். அதே வருடம் மொத்த சாலை விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

நம் ஊர் ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, கும்பாபிஷேகம் என்றால் சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு விடியும் நேரத்தில் வந்து சேர்கிறார்கள். திருமயம் தாண்டும்போதே கண் சொக்கும். அதே நேரத்தில்தான் பால்காரர், கீரைக்காரர், பேருந்துக்குப் போகும் கட்டட வேலை ஆட்கள், நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் ஆச்சிமார் எல்லோரும் ரோட்டோரத்தில் இருப்பார்கள். தை மாதம் வந்தால் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியும் பாதயாத்திரையும் போகும். இரவிலும் இருட்டிலும் நடப்பவர்கள் அவர்கள்.

சரி, துண்டு எப்படிப் பேசுகிறது என்பதற்கு வருகிறேன். இது பாதி உங்களுக்கே தெரிந்த சங்கதி. ஆனாலும் வேலைக்குப் பயன்படுத்துகிற கண்ணோடு பார்ப்பது வேறு, சாட்சியாகப் பார்ப்பது வேறு.

முதலில் பாக எண். ஹூண்டாய் வண்டியென்றால் பத்து இடம் கொண்ட எண். முதல் ஐந்து இலக்கம் எந்தப் பாகம் என்று சொல்லும். 92101 இடது ஹெட்லைட், 92102 வலது. 87610 இடது மிரர், 87620 வலது. அடுத்த ஐந்து இடம் எந்த மாடல், எந்த வகை என்று சொல்லும். டொயோட்டாவில் 81110 வலது ஹெட்லைட், 81150 இடது. மாருதியில் முதல் ஐந்துக்கு அப்புறம் மாடலின் குறியீடு வரும், பெயிண்ட் அடித்தே வருகிற பாகமென்றால் கடைசியில் நிறத்தின் குறியீடும் சேர்ந்து வரும். ஆக, எண்ணின் வால் மட்டும் கிடைத்தால்கூடச் சில சமயம் வண்டியின் நிறம் வரைக்கும் போய்விடலாம். எண்ணே இல்லாத துண்டாக இருந்தாலும் உருவம் பேசும். ஸ்விப்ட் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 2005, 2011, 2018, 2024 என்று நான்கு தலைமுறை வந்திருக்கிறது. நான்கிலும் ஹெட்லைட் வேறு வேறு. உங்கள் பட்டறையில் இருக்கிற சின்னப் பையன்கூடத் தூரத்தில் நின்று சொல்லிவிடுவான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களிடம் உடைந்த தூண் போதிகை (தூணின் தலைப்பகுதி) ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். பர்மா தேக்கா, எந்தக் காலத்து வேலை, வளவுத் தூணா (வீட்டு உள்முற்றத்துத் தூணா), முகப்புத் தூணா என்று தடவிப் பார்த்தே சொல்வார்கள். அந்தக் கை உங்களுக்கும் இருக்கிறது. அது கம்ப்யூட்டரில் தேடி வருவதில்லை, வருடக்கணக்கில் கழற்றி மாட்டி வருவது.

அப்புறம் ஒன்று. தயாரிப்பாளர் குறி இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் லோக்கல் லைட். ஏற்கெனவே ஒருமுறை உடைந்து, ஒரிஜினல் போடாமல் விலை குறைந்ததைப் போட்ட வண்டி என்று தெரிந்துவிடும். அந்த வகை லைட்டை இந்த வட்டாரத்தில் விற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். தேடும் இடம் இன்னும் சுருங்கும்.

பெயிண்டும் அப்படித்தான். கம்பெனியில் தகட்டின்மேல் துரு தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், கடைசியில் கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக வரும். நகத்தளவு செதில் கிடைத்தாலும் நுண்ணோக்கியில் அதன் ஓரத்தை வைத்துப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். நாம் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி அடித்த வண்டியென்றால் இரண்டு மூன்று அடுக்குக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் அடுக்கு இன்னொரு வண்டியில் அப்படியே இருப்பது அரிது. கனடா நாட்டுக் காவல்துறை எந்தக் கம்பெனி எந்த வருடம் எந்த அடுக்கில் என்ன பூசியது என்று ஒரு பெரிய தரவுத்தொகுப்பே வைத்திருக்கிறது, பிற நாட்டு ஆய்வுக்கூடங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. நமக்கும் ஆய்வுக்கூடம் இல்லாமல் இல்லை. நம் மாநிலத் தடய அறிவியல் துறையின் வேர் 1849-இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது. மதுரையில் வட்டார ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பொருளைக் கொடுத்தால்தான் அவர்களும் எதையாவது சொல்ல முடியும்.

பல்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாருமே வைத்துக்கொள்வதில்லை. பழைய ஆலசன் பல்பில் உள்ள இழை எரிந்துகொண்டிருக்கும்போது மோதினால், சூட்டில் இளகியிருக்கும் இழை இழுபட்டுக் கோணலாக நீண்டுவிடும். எரியாமல் குளிர்ந்திருக்கும்போது மோதினால் சட்டென்று ஒடியும், அல்லது ஒன்றும் ஆகாது. எரியும்போதே பல்பின் கண்ணாடியும் உடைந்தால் காற்றுப் பட்டு இழை கருகும், சுற்றிலும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தூள் படியும். மோதிய நேரத்தில் லைட் எரிந்ததா இல்லையா என்பதை அந்தப் பல்பு சொல்லும். இருட்டில் லைட் போடாமல் வந்தானா என்பதுதான் பல வழக்குகளில் கேள்வியே. அடிபட்டு வந்த வண்டியில் பல்பு நன்றாக இருக்கிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது நம் கைப்பழக்கம். அப்படிப் போட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். சந்தேகமான வண்டியென்றால் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் மேலே நிற்பது எது என்றால், பொருத்திப் பார்ப்பதுதான். ரோட்டில் கிடந்த துண்டு இந்த மாடல் என்று சொன்னால் அந்த மாடலில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. வக்கீல் எழுந்து, "இதே மாதிரி வண்டி ஊரெல்லாம் இருக்கிறதே" என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அந்தத் துண்டும், உங்கள் பட்டறையில் கழற்றிய மிச்ச லைட்டும் மேசைமேல் ஒன்றோடொன்று சேர்ந்து விளிம்பு விளிம்பாகப் பொருந்திவிட்டால், அது வேறு எந்த வண்டியும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உடையும்போது விழும் கோடு இன்னொரு முறை அதேபோல் விழாது. பிரான்சில் லியோன் நகரத்தில் 1910-இல் போலீசுக்காகத் தடய ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லொகார்டு, ஒன்றோடொன்று மோதும் இரண்டு பொருளும் ஒன்றின் சுவடை மற்றதில் விட்டுப்போகும் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் வேலை செய்தார். நம் விஷயத்தில் பாதிச் சுவடு ரோட்டில் கிடக்கிறது. மறுபாதி வண்டியோடு நேராக நம்மிடம்தான் வருகிறது. வேறு எங்கே போகும்? இடித்துவிட்டு வந்தவன் உடைந்த ஹெட்லைட்டோடு லெம்பலக்குடி சுங்கச்சாவடியைத் தாண்டவே பயப்படுவான். அதற்குள் எங்காவது ஒரு பட்டறையில் விட்டாக வேண்டும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "வர்ற வண்டியெல்லாம் ஆளை அடிச்சிட்டா வருது? வாடிக்கையாளரைச் சந்தேகப்பட்டா நாளைக்கு யார் வருவா?" நியாயமான கேள்வி. வருகிற வண்டியில் பெரும்பாலானவை சுவரில் உரசியது, கேட்டில் இடித்தது, ரிவர்ஸ் எடுக்கும்போது கல்தூணில் மோதியது. யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. எல்லா வண்டியின் பழைய பாகத்தையும் ஒரே மாதிரி வைத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் வருத்தம் இல்லை. "எங்க பட்டறையில் பழைய சாமானை ஆறு மாசம் வெச்சிருப்போம் சார்" என்று போர்டு எழுதி மாட்டிவிட்டால், பார்த்ததும் திரும்பிப் போகிறவன் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் சில வண்டிகளைப் பார்த்தால் நம் கைக்கே தெரியும். சுவரில் இடித்தால் பம்பரும் தகடும் நசுங்கும், சுண்ணாம்போ சிமெண்டோ ஒட்டியிருக்கும். முன் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. நின்றிருக்கும் ஆளை அடித்தால் பம்பர் காலில் பட்டு, உடம்பு பானெட் மேல் சாய்ந்து, தலை முன் கண்ணாடியில் போய் விழும். பம்பரில் விரிசல், ஒரு பக்க ஹெட்லைட் உடைசல், பானெட்டில் கூரில்லாத அகலப் பள்ளம், கண்ணாடியில் கீழ்ப்பக்கமாக நட்சத்திரம் போல வெடிப்பு: இவை எல்லாம் ஒரே பக்கத்தில் ஒரே வரிசையில் இருந்தால் அது சுவர் இல்லை. சைக்கிளோ டூவீலரோ என்றால் பம்பரில் டயர் ரப்பரின் கறுப்புக் கோடும், ஹாண்டில் பார் குத்திய இடமும் இருக்கும். கிரில் இடுக்கில் துணி நூல் சிக்கியிருக்கும். மாடு என்று சொன்னால் மாட்டு முடி இருக்க வேண்டும். அப்படி ஒரு வண்டி வந்து, வாட்டர் வாஷ் பண்ணிவிட்டு வந்திருந்தால், இன்சூரன்ஸ் வேண்டாம், பில் வேண்டாம், இன்றைக்கே முடித்துக் கொடு, கேட்ட காசு தருகிறேன் என்று சொன்னால், நீங்கள் கையை வைப்பதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். 100-க்கோ 112-க்கோ அடித்தாலும் போதும்.

தெரிந்தே தடயத்தை மறைத்தால் அது நமக்கும் வழக்காகும். குற்றவாளியைக் காப்பாற்றும் எண்ணத்தோடு சாட்சியத்தை அழிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 238-ஆவது பிரிவின்படி குற்றம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, உங்கள் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன். சீட்டுக் கட்டிய பழைய பாகம் பட்டறையில் இருந்தால், நாளைக்கு யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம். இல்லாவிட்டால்தான் கேள்வி நம் பக்கம் திரும்பும்.

பார்ட்ஸ் கடை நண்பர்களுக்கு ஒன்று. ஹெட்லைட், மிரர், முன் பம்பர் விற்கும்போது பில்லில் வண்டி நம்பரைக் கேட்டு எழுதிவிடுங்கள். நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். சரியான பாகம் கொடுக்க நம்பர் வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, உண்மையும் அதுதான். இரும்புக் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் லைட்டுகளைத் தனிச் சாக்கில் கட்டி, எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று மட்டும் குறித்து வைத்தால் போதும்.

காவல்துறையினரும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சம்பவ இடத்தில் எடுக்கிற துண்டுகளின் படத்தை, அளவுகோல் வைத்து இருபுறமும் எடுத்து, அன்றைக்கே எங்களுக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஊருக்கு ஊர் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மாடல் சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்ல வருகிறவனை நாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் அவனுக்கு அன்றைய கூலி போச்சு. அடுத்த தடவை எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவான். வாக்குமூலம் வேண்டுமென்றால் ஓர் ஏட்டையா பட்டறைக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். நம்பர் பிளேட் துண்டு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டிகளின் உயர் பாதுகாப்புப் பலகையில் லேசரால் பொறித்த எண் இருக்கிறது. டிஎன் 63 என்ற எழுத்து உடைந்து போயிருந்தாலும் அந்த எண் மிஞ்சியிருக்கலாம்.

ரோட்டோர டீக்கடைக்காரர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். டயரில் குத்தும் என்று நல்லெண்ணத்தில்தான் விளக்குமாற்றால் துண்டுகளைக் கூட்டித் தள்ளுகிறார்கள். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்த்திருக்கிறார்கள். அதற்கு அப்புறம், துண்டுகள் கிடக்கிற இடத்தைச் சுற்றி நான்கு கல்லை வைத்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

ஆறு மாதம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. இழப்பீட்டு மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்றுதான் 2019 சட்டத் திருத்தத்தில் கெடு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலம் முழுக்கப் பாகம் பத்திரமாக இருந்தால் குடும்பத்துக்கு ஒரு வழி திறந்திருக்கும். இடம் இல்லை என்பவர்கள் ஹெட்லைட்டையும் மிரரையும் மட்டுமாவது வையுங்கள். ஓர் அரிசிச் சாக்கில் இருபது லைட் அடங்கும்.

துண்டுச் சீட்டுக்குப் பதிலாக வண்டி நம்பர், தேதி, கழற்றிய பாகம், கொண்டுவந்தவர் பெயர் என்று நான்கு வரி கொண்ட அட்டை அச்சடித்து, கட்டுவதற்குக் கம்பியும் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். கடைக்கு வரும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு போங்கள், வெளியூர்க்காரர்களுக்கு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். தை பிறப்பதற்குள் குன்றக்குடி, திருப்பத்தூர் ரோட்டில் இருக்கும் பட்டறைகளிலாவது இது தொடங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. பாதயாத்திரை போகிறவர்களுக்கு முன்னால் நாம் தயாராக இருப்போம். இதில் எது சரிப்படாது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு வாருங்கள், அன்றைக்கு எனக்கும் வேலை குறைவு.

இப்படிக்கு,
காரைக்குடியில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் உங்கள் சகோதரன்